ஒன்ராறியோ ஏரியில் ஃப்ளை தூண்டிலில் கெண்டை: பருவம்தோறும் கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் கெண்டைக்கு ஃப்ளை வீசிக்கொண்டு நிற்பவரைக் கண்டால் நம்மவர்கள் சில கேள்வி கேட்காமல் நகர்வதில்லை. முதல் கேள்வி பெரும்பாலும் "இதைச் சாப்பிடலாமா?" என்பதுதான். அதற்கான பதில் கீழே வருகிறது. மற்றவற்றை ஏறக்குறைய ஆண்டின் ஓட்டத்தில் அடுக்கியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த விளையாட்டில் நாட்காட்டியை நம்பாதீர்கள். தண்ணீரின் சூட்டையும் காற்றின் திசையையும் நம்புங்கள்.

ஃப்ளை தூண்டில் என்பது என்ன? சாதாரணத் தூண்டிலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ தக்கையோ இரையோ நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை தூண்டிலில் எடை முழுவதும் லைன் எனப்படும் தடித்த நூலில் இருக்கிறது. நுனியில் கட்டியிருக்கும் ஃப்ளைக்கு எடை இல்லை என்றே சொல்லலாம்; இறகும் முயல் உரோமமும் நூலும் சுற்றிய ஒரு தூண்டில் முள், அவ்வளவுதான். தடியை முன்னும் பின்னும் வீசி லைனைக் காற்றில் நீட்டி, அதன் வேகத்தில் ஃப்ளையைக் கொண்டுபோய் வைக்கிறோம். புழுவும் இல்லை, சோளமும் இல்லை, மாவுருண்டையும் இல்லை.

சோளம் போட்டுக் காத்திருப்பவரிடம் மீன் வருகிறது. ஃப்ளை வீசுபவர் மீனைத் தேடிப் போகிறார். கண்ணால் கண்ட மீனுக்கு மட்டுமே வீசுவது என்று இருப்பவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

எந்தக் கெண்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள்? சேதி வரும்போதெல்லாம் "ஆசியக் கெண்டை" என்கிறார்களே?

இங்கே பேசுவது சாதாக் கெண்டையைப் பற்றி. இங்குள்ளவர்கள் 'கொமன் கார்ப்' என்பார்கள். வாயோரம் இரண்டு இணை மீசை, பொன்னிறமும் வெண்கல நிறமும் கலந்த பெரிய செதில்கள், முதுகில் நீண்ட துடுப்பு. செய்தியில் அடிபடுபவை வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை, புல்கெண்டை, கருங்கெண்டை ஆகிய நான்கு. அவற்றை உயிருடன் வைத்திருப்பதே ஒன்ராறியோவில் குற்றம். அப்படி ஒன்று மாட்டினால் திரும்ப ஏரியில் விடாமல் மாகாண இயற்கைவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சாதாக் கெண்டையும் இந்த மண்ணுக்கு உரியதல்ல. 1877இல் ருடோல்ஃப் ஹெஸல் என்பவர் அமெரிக்க மீன்வள ஆணையத்துக்காக ஜெர்மனியிலிருந்து 345 கெண்டைகளைக் கொண்டுவந்து பால்ற்றிமோரின் ட்ரூயிட் ஹில் பூங்காக் குளங்களில் விட்டார். ஐரோப்பியக் குடியேறிகளுக்கு அது ஊர்ச் சாப்பாடு. மலிவான உணவாகும் என்று அரசே ஊர் ஊராக வளர்த்துக் கொடுத்தது. சில பத்தாண்டுகளில் அதே மீனை எப்படி ஒழிப்பது என்று கூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் யாரும் இதற்கு ஃப்ளை வீசவில்லையே, இப்போது ஏன்?

ஒரு காரணம் கௌரவம். ட்ரவுட், சாமன் மீன்கள் என்று வளர்ந்த ஃப்ளை உலகம் கெண்டையைச் சேற்று மீன் என்று ஒதுக்கியது. இன்னொரு காரணம் தண்ணீர். 1988இல் சென் கிளெயர் ஏரியில் வரிக்குதிரை மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்பும் நிறைநீரோடு வந்த சிறு சிப்பி அது. அதுவும் அதன் உறவான குவாகா மட்டியும் பெரும் ஏரிகள் எங்கும் பரவி, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றுவிட்டன. ஏரி தெளிந்தது. முன்பு மங்கலாகக் கிடந்த, ஆழம் குறைந்த கரையோரத் திட்டுகளில் இப்போது அடிக்கல் தெரிகிறது; அதன்மேல் நகரும் கெண்டையும் தெரிகிறது. 1990இல் வட்டக் கோபி என்னும் உழுவை இன மீன் வந்து சேர்ந்தது. அதைத் தின்று பழகிய கெண்டைகள் நகரும் இரையைத் துரத்தவும் கற்றுக்கொண்டன.

மிச்சிகன் ஏரியின் பீவர் தீவிலும் கிராண்ட் ட்ராவர்ஸ் குடாவிலும் இந்தத் தெளிந்த திட்டுகளுக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆக, மட்டி, கோபி என அழையாமல் வந்த இரண்டு விருந்தாளிகள், அழைத்து வந்து வெறுக்கப்பட்ட மூன்றாவது விருந்தாளிக்குப் புது மதிப்புத் தேடிக்கொடுத்தன. சூழலியல் கணக்கில் இது நட்டம்தான். ஆனால் தூண்டில்காரன் கண்ணுக்கு அந்தத் தெளிவு பிடித்திருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

மாதத்தைக் கேட்டால் ஏப்ரல் கடைசி என்று சொல்லி வைக்கலாம். ஆனால் ஒரு சிறு வெப்பமானியை வாங்கி நூலில் கட்டித் தண்ணீரில் விடுவது இதைவிட நல்ல பதிலைத் தரும். தண்ணீர் 10 பாகை செல்சியஸைத் தாண்டும்போது கெண்டை ஆழத்திலிருந்து எழுந்து நடமாடத் தொடங்குகிறது. 12, 13 என்று ஏறும்போது உண்மையாகவே மேய்கிறது. விலையுயர்ந்த தடியைவிட இந்த வெப்பமானி அதிக மீனைப் பிடித்துத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வசந்தத்தில் திறந்த ஏரி இன்னும் உறைகுளிராக இருக்கும்போதே ஒடுங்கிய குடாக்கள் சூடேறிவிடும். கருஞ்சேற்று அடி, முழங்கால் ஆழம், வடகாற்றை மறைக்கும் கரை, நாள் முழுதும் வெயில் ஆகிய நான்கும் சேர்ந்த மூலையைத் தேடுங்கள். பிக்கரிங்கின் ஃபிரெஞ்ச்மன்ஸ் பே, ரூஜ் ஆற்று முகத்துவாரம், ரொறன்ரோத் தீவுகளின் உள்வாய்க்கால்கள் போன்ற இடங்கள் இந்த வகை. காலையில் போய்ப் பயனில்லை. பிற்பகல் 2 மணிக்குமேல் போங்கள். இரவு விட்ட குளிர் நீங்கி, அதே மூலை காலையைவிட மூன்று நான்கு பாகை சூடாகியிருக்கும். கெண்டை வெயில் காய வந்திருக்கும்.

இந்தப் பருவத்தில் ஃப்ளையை இழுக்கவே கூடாது என்பேன். மீன் முன் இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள். மெதுவாக வந்து மெதுவாகத் தின்னும்.

மே, ஜூன் மாதங்களில் கரையோரம் பெரிய மீன்கள் தண்ணீரை அடித்துக் கலக்குகின்றன. அப்போது எளிதில் பிடிக்கலாமா?

அது இனப்பெருக்கம். தண்ணீர் 17, 18 பாகையைத் தாண்டியதும் ஒரு பெண் மீனைப் பல ஆண் மீன்கள் துரத்திக்கொண்டு நாணலுக்குள்ளும் வெள்ளம் ஏறிய புல்லுக்குள்ளும் முட்டி மோதும். முதுகு வெளியே தெரியும், சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். பெரிய பெண் மீன் பத்து இலட்சத்துக்கு மேலும் முட்டை இடும். அவை செடிகளில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் அவை எதையும் தின்பதில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஃப்ளை வீசினால் வயிற்றிலோ வாலிலோதான் குத்தும். வாயில் அல்லாமல் வேறிடத்தில் முள் ஏறிய மீனை உடனே விட வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அதில் என்ன சுவை?

ஆனால் எல்லா மீன்களும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. அலை அலையாக நடக்கும். சத்தம் போடும் கூட்டத்திலிருந்து ஐம்பது, அறுபது அடி தள்ளி, சற்று ஆழமான விளிம்பில் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ உலாவும் மீன்களைப் பாருங்கள். முட்டையிட்டு முடித்தவையும் இன்னும் தொடங்காதவையும் அவற்றில் இருக்கும். முடித்தவைக்கு நல்ல பசி.

பஞ்சும் பழமும் தின்னும் கெண்டை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த சில வாரங்கள் இவைதான். ஜூன் மாதத்தில் கொட்டன்வூட் மரங்கள் வெண்பஞ்சு விதைகளைக் காற்றில் விடும். ரொறன்ரோவின் லெஸ்லி தெரு நீள்திட்டு முழுக்க இந்த மரங்கள்தான். காற்று ஒதுக்கும் மூலைகளில் பஞ்சு திரையாகத் தேங்கும்போது, கெண்டை மேலே வந்து உதட்டை நீட்டி, தண்ணீரின் மேற்பரப்போடு சேர்த்து அதை உறிஞ்சும். "க்ளப், க்ளப்" என்று ஒரு சத்தம். வெள்ளை உரோமத்தில் கட்டிய சிறு மிதக்கும் ஃப்ளையை அந்த உதட்டின் பாதையில் வைத்தால் போதும். உள்ளே போனதைப் பார்த்தபின் ஒரு மூச்சு விட்டுத் தடியை உயர்த்த வேண்டும்; பதறி இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஃப்ளை வெறுமனே வந்துவிடும்.

ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மல்பெரி. தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு மல்பெரி மரம் இருந்தால், பழம் உதிரும் நாட்களில் அதன் கீழே கெண்டைகள் காத்துக் கிடக்கும். பழம் விழும் "பொத்" என்ற சத்தத்துக்கே திரும்பும். பொதுவாகக் கெண்டைக்கு ஃப்ளையை ஓசைப்படாமல் இறக்க வேண்டும். இங்கே மட்டும் கருஞ்சிவப்பு உருண்டை ஃப்ளை ஓசையோடு விழ வேண்டும். எங்கே அந்த மரம் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களும் கண்டுபிடித்தபின் சொல்லமாட்டீர்கள்.

ஜூலையில் நேற்று திட்டு நிறைய மீன், இன்று ஒன்றும் இல்லை. எங்கே போயின?

தண்ணீரில் கையை வையுங்கள். விரல் மரத்துப்போனால் விடை கிடைத்துவிட்டது.

கோடையில் ஏரியின் மேல்மட்டம் மட்டும்தான் சூடு. கீழே குளிர்ந்த நீர் கனமாகக் கிடக்கிறது. மேற்குக் காற்று ஓரிரு நாள் விடாமல் வீசினால், பூமியின் சுழற்சி காரணமாக மேல்மட்ட நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது வடகரையிலிருந்து விலகித் தெற்கு நோக்கிப் போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் குளிர்நீர் வடகரையில் மேலெழும். ரொறன்ரோ முதல் அஜாக்ஸ் வரை நாம் நிற்பது அந்த வடகரைதான். 20 பாகையில் இருந்த கரையோர நீர் 10 பாகைக்கும் கீழே விழுவதுண்டு. வானம் தெளிவாக, வெயில் சுட்டெரிக்க, குளிப்பவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடும் நாட்கள் அவை. கெண்டையும் ஓடிவிடும்.

ஓடிப்போன மீன் எங்கே? குடாக்களின் உட்பகுதியில். திறந்த ஏரியின் குளிர்நீர் குறுகிய வாய் வழியே முழுதாக உள்ளே நுழைய முடியாது. எனவே அப்படிப்பட்ட நாளில் வெளித் திட்டுகளை விட்டு உள்குடாவுக்குப் போங்கள். கிழக்குக் காற்று திரும்பியதும் சூடான மேல்நீர் மறுபடி நம் கரையில் குவியும். ஒன்றிரண்டு நாளில் மீனும் வரும். வானிலை அறிக்கையில் மழையைப் பார்ப்பதைவிடக் கடந்த மூன்று நாள் காற்றைப் பார்ப்பது பயன் தரும்.

எந்த மீனுக்கு வீசுவது? எல்லாம் ஒன்றுபோலத்தானே தெரிகின்றன?

இதைக் கற்றுக்கொள்வதுதான் பாதி வேலை. அசையாமல் மேல்மட்டத்தில் வெயில் காயும் மீன் தின்னாது, அதை விடுங்கள். நேர்கோட்டில் வேகமாகப் போகும் மீனுக்கு எங்கோ வேலை இருக்கிறது, அதையும் விடுங்கள். வளைந்து வளைந்து, நின்று நின்று, ஆடு மேய்வதைப்போல் போகும் மீனுக்கு வீசலாம். தலை கீழே, வால் மேலே, பக்கத்தில் புகைபோல் சேறு எழுகிறதென்றால் கை நடுங்காமல் இருக்கப் பாருங்கள். அது தின்றுகொண்டிருக்கிறது.

மீனின் தலைமேல் வீசினால் ஓடும். அதற்கு அப்பால், சற்று முன்னால் வீசி, தடியை உயர்த்தி ஃப்ளையை மேற்பரப்பிலேயே மெல்ல இழுத்து வந்து, தலைக்கு ஓர் அடி முன்னால் வந்ததும் இறக்கிவிட வேண்டும். மீன் குனிந்து மேய்வதால் அதன் பார்வை எட்டும் இடம் மிகச் சிறியது. ஃப்ளை அந்த இடத்துக்குள், அது கடக்கும் நேரத்தில், அடியைத் தொட வேண்டும். கொஞ்சம் முந்தினால் காணாது. கொஞ்சம் பிந்தினால் மிரளும்.

அடுத்து வருவது தொடக்கக்காரர்களைத் திணறடிக்கும் இடம். கெண்டை தின்பதை லைனில் உணர முடியாது. அது இரையை உறிஞ்சி, வாய்க்குள் சுவைத்து, பிடிக்காவிட்டால் நொடியில் துப்பிவிடும். தொண்டைக்குள் அரைக்கும் பற்கள் உண்டே தவிர வாயில் பல் இல்லை. எனவே கண்தான் கருவி. ஃப்ளை விழுந்த இடத்தில் மீன் நிற்கிறதா? தலை சற்றுச் சாய்கிறதா? செவுள் விரிந்து மூடுகிறதா? ஆரஞ்சு நிற உதட்டோரம் ஒருகணம் வெளுத்துத் தெரிகிறதா? இவற்றில் ஒன்று நடந்தாலும் லைனை இடக்கையால் நீளமாக, அமைதியாக இழுங்கள். கனம் தெரிந்தால் மீன். தெரியாவிட்டால் ஃப்ளை சில அங்குலம் நகர்ந்திருக்கும். மீன் அதைத் தப்பியோடும் இரை என்று நினைத்துத் துரத்தவும் கூடும். தடியை வானத்துக்குத் தூக்கினால் அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை.

என்ன ஃப்ளை?

ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு நூறு ஃப்ளை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிறத்தைவிட மூழ்கும் வேகம் முக்கியம். ஒரே ஃப்ளையை மூன்று எடையில் கட்டி வைத்துக்கொண்டால் பருவம் முழுதும் ஓட்டலாம்.

நான் கட்டுவது இதுதான்: 6ஆம் எண் வலுவான முள். கண்ணுக்கு மணிச்சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு மணிகள். அவற்றை முள்ளின் மேற்பக்கம் கட்டினால் ஃப்ளை தலைகீழாகத் திரும்பி, முள்முனை மேல்நோக்கி நிற்கும், அடிப்பாசியில் சிக்காது. வாலுக்குத் துரு நிற முயல்தோல் நாடா, சுண்டுவிரல் நீளத்துக்கும் குறைவு. உடம்புக்குப் பழுப்பும் பச்சையும் கலந்த உரோமம், கழுத்தில் மென்மையான கோழியிறகு ஒரு சுற்று. தண்ணீரில் அசையாமல் கிடக்கும்போதும் அந்த முயல் உரோமம் மூச்சுவிடும். கிரேஃபிஷ் என்னும் நன்னீர் இறால் வகை என்றும் சொல்லலாம், தும்பிப் புழு என்றும் சொல்லலாம்; கெண்டை விளக்கம் கேட்பதில்லை. வசந்தத்துச் சேற்று மூலைக்கு மணி இல்லாத லேசான வடிவம், கோடைக்கு மணிச்சங்கிலி, இலையுதிர் கால ஆழத்துக்கு ஈயக்கண். இதோடு சிவப்புப் புழு ஃப்ளை சிலவும், பஞ்சு, மல்பெரி நாட்களுக்கான மிதவைகளும் போதும்.

தடி, ரீல், லைன்?

9 அடி நீளம், 7ஆம் எண் தடி (எண் ஏற ஏற, அது வீசும் லைனின் எடையும் ஏறும்). காற்றடிக்கும் வெளித் திட்டுகளுக்கு 8. மிதக்கும் லைன். 9 முதல் 12 அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்), அதன் நுனி 10 அல்லது 12 இறாத்தல் தாங்கும் ஃப்ளோரோகார்பன் நூல். ரீலின் பிரேக் தடங்கலின்றி ஓட வேண்டும். இங்கே 5 முதல் 10 கிலோ மீன் சாதாரணம், முதல் ஓட்டத்திலேயே லைன் முழுவதையும் இழுத்து, ரீலில் அதற்கு அடியில் சுற்றியிருக்கும் பின்நூல் வரை போய்விடும். பெரிய வாய் கொண்ட கைவலை. தண்ணீரின் மினுக்கத்தை வெட்டும் துருவமுனைக் (போலரைஸ்ட்) கண்ணாடி இல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படாதீர்கள். அம்பர் அல்லது செம்பு நிறம் நல்லது.

ஒரு மீன் மிரண்டால் கூட்டமே மறைந்துவிடுகிறதே?

கெண்டையின் நீச்சல் பையையும் உட்காதையும் ஒரு சிற்றெலும்புத் தொடர் இணைக்கிறது. தண்ணீரின் அதிர்வைப் பை வாங்கி எலும்பு வழியே காதுக்குக் கடத்தும். நீங்கள் சரளைக்கல்லில் வைக்கும் காலடி அதற்குக் கேட்கிறது. கேட்டதும் ஓடும் மீனின் வால் வீச்சு மற்றவற்றுக்கு எச்சரிக்கை.

இன்னொன்றும் உண்டு. தேனீக்களின் நடனத்தை விளக்கிப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபொன் ஃப்ரிஷ், 1938இல் கெண்டைக்கு உறவான மின்னோ என்னும் சிறுமீனில் ஒன்றைக் கவனித்தார்: காயம்பட்ட தோலிலிருந்து கசியும் ஒரு பொருளை முகர்ந்ததும் மற்ற மீன்கள் அஞ்சி விலகின. எனவே ஒரு மூலையில் ஒரு மீனைப் பிடித்துப் போராடி விட்டபின் அங்கேயே நிற்பதில் பொருளில்லை. அடுத்த மூலைக்கு நடங்கள். நடக்கும்போது மெதுவாக, நிழல் தண்ணீரில் விழாமல்.

இலையுதிர் காலம் எப்படி?

செப்ரெம்பர் அருமை. தண்ணீர் 20 பாகையிலிருந்து இறங்கத் தொடங்கும்போது கெண்டை குளிர்காலத்துக்காக மேய்கிறது; பகல் நடுவிலும் தின்னும். பாசி அடங்கித் தண்ணீர் இன்னும் தெளியும், படகுகள் குறையும். மீன் கொழுத்திருக்கும், பலமும் அதிகம். ஆனால் சூரியன் தாழ்வாக இருப்பதால் மேற்பரப்பின் மினுக்கம் கண்ணை மறைக்கும். காலை 10 முதல் பிற்பகல் 3 வரைதான் நன்றாகத் தெரியும்.

ஒக்ரோபரில் மீன் திட்டின் விளிம்புக்கு இறங்கும். அப்போது கனமான ஃப்ளை, மெதுவான இழுப்பு. 10 பாகைக்குக் கீழே போனதும் எப்போதாவது ஒரு மீன் என்ற நிலை. மேப்பிள் இலை உதிர்ந்து கரையோரம் மூடியபின் நான் தடியைக் கழுவி வைத்துவிடுகிறேன்.

குளிர்காலத்தில் வழியே இல்லையா?

இங்கே குடாக்கள் உறைந்துவிடும். கெண்டைகள் ஆழமான இடத்தில் கூட்டமாக, ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். வெந்நீர் வெளியேறும் வாய்களில் மீன் கூடுவது உண்மைதான்; அங்கே வேலியும் தடைப்பலகையும் உண்டு, மதியுங்கள். கொலராடோவின் டென்வர் நகரத்தில் கதை வேறு. சவுத் பிளாற் ஆற்றில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் வெதுவெதுப்பாகக் கலப்பதால் ஜனவரியிலும் கெண்டைக்கு வீசுகிறார்கள். நகர நடுவில், பாலங்களுக்கு அடியில், கோட்டு போட்டுக்கொண்டு. அங்கே 'கார்ப் ஸ்லாம்' என்று ஒரு போட்டி நடத்தி ஆற்றைச் சீரமைக்க நிதியும் திரட்டுகிறார்கள்.

சரி, சாப்பிடலாமா?

ஒன்ராறியோ அரசு ஏரி வாரியாக, மீன் வாரியாக, நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒரு கையேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் பிடித்த இடத்தையும் மீனின் நீளத்தையும் கொடுத்துப் பாருங்கள். கெண்டை அடியைக் கிளறித் தின்பது, நீண்ட நாள் வாழ்வது, கொழுப்பு மிக்கது. பழைய தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற பிசிபி போன்ற நஞ்சுகள் அந்தக் கொழுப்பில்தான் தங்குகின்றன. எனவே மீன் பெரிதாகப் பெரிதாக அனுமதி சுருங்கும். துறைமுகப் பகுதிகளில் இன்னும் கடுமை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனி வரம்பு உண்டு. குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள் என்பதே என் யோசனை. எவ்வளவு புளி விட்டாலும் பிசிபி போகாது.

அந்நிய மீன்தானே, ஏன் திரும்ப விடுகிறீர்கள்? கொன்றால் ஏரிக்கு நல்லதல்லவா?

நியாயமான கேள்வி. கெண்டை செடியின் வேரைக் கிளறித் தண்ணீரைக் கலக்குகிறது. வெளிச்சம் இறங்காமல் நீர்ச்செடி அழிகிறது. பைக் என்னும் மீனின் குஞ்சுக்கும் வாத்துக்கும் இருப்பிடம் போகிறது. ஹமில்ரனின் கூட்ஸ் பரடைஸ் சதுப்பில் இது கண்கூடு. அங்கே ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் 1990களில் ஒரு மீன்தடுப்பு வாயிலைக் கட்டியது. சிறு மீன்கள் கம்பியிடை புகுந்து போகலாம். பெரியவற்றைப் பிரித்து உள்ளூர் மீனை உள்ளேயும் கெண்டையைத் துறைமுகத்துக்கும் அனுப்புகிறார்கள். சதுப்பு மீளத் தொடங்கியது அதனால்தான்.

அந்த அளவில் செய்தால் பயன். தூண்டிலில் ஆண்டுக்குச் சில மீனைக் கொன்றால், பத்து இலட்சம் முட்டையிடும் இனத்துக்கு அது ஒரு கணக்கே இல்லை. கொன்று கரையில் எறிந்துவிட்டுப் போவதோ குற்றமும் அசிங்கமும். நான் விடுகிறேன், உண்ண விரும்புபவர் கையேட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். எதைச் செய்தாலும் உயிருள்ள மீனை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்; நோயும் கூடவே போகும். 2007இல் கவார்த்தா ஏரிகளில் கோய் ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிக் கெண்டைகள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன.

விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், வலைக்குள் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் பின்கூரைக் குறட்டால் முன்பே நசுக்கி வைத்தால் ஒரு திருப்பில் வந்துவிடும்.

அனுமதி வேண்டுமா?

18 முதல் 64 வயதுவரை உள்ள ஒன்ராறியோவாசிகளுக்கு மாகாண அரசு தரும் அவுட்டோர்ஸ் அட்டையும் மீன்பிடி உரிமமும் வேண்டும். அதற்குக் கீழும் மேலும் உள்ள கனேடியர்களுக்கு அடையாள அட்டையே போதும். ஒன்ராறியோ ஏரி 20ஆம் மீன்பிடி வலயம். அதில் சேரும் ஆறுகள் வேறு வலயங்களில் வரும். சில முகத்துவாரங்கள் வசந்தத்தில் மீன் சரணாலயமாக மூடப்படும். ஆண்டுதோறும் வரும் விதிச்சுருக்கத்தில் உங்கள் இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஊரில் இதைச் செய்ய முடியுமா?

மீன் இருக்கிறது. இலங்கையிலிருந்து 1939இல் கொண்டுபோய் ஊட்டி ஏரியில் விட்டதுதான் இந்தியாவுக்கு வந்த முதல் சாதாக் கெண்டை. செதில் குறைந்த கண்ணாடிக் கெண்டை வகை. மலைநாட்டுக் குளிர்ந்த நீர் அதற்கு ஒத்துப்போயிற்று. நீலகிரியில் ட்ரவுட்டுக்கு ஃப்ளை வீசும் பழக்கமும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே உண்டு. அந்தத் தடியை அந்த ஏரிக் கெண்டையிடம் காட்ட, மீன்வளத் துறையிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். விடுமுறைக்குப் போகிறவர்கள் 7ஆம் எண் தடியை நான்கு துண்டாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஃப்ளை பெட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் முள்ளுக்கு விளக்கம் சொல்லி முடிக்க முடியாது.